கேட்டாச்சு, சொல்றேன்: வெப்சைட் ரெடி, ஆளைத்தான் காணோம்!

இந்த மாசம் வந்த ஈமெயில், கடுதாசி எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே சங்கதி. ஆகஸ்ட்ல இங்க சிங்கப்பூர்ல யூனிவர்சிட்டி தொறக்குது, வெளிநாட்டுல இருந்து புதுப் பசங்க வந்து இறங்கப்போறாங்க, அவங்களுக்கு உதவுறேன்னு சீனியர் பசங்க ஆளாளுக்கு வெப்சைட் கட்டிட்டு இருக்காங்க. நல்ல விஷயம்தான். நானும் ஒரு காலத்துல ரெண்டு பொட்டியோட இங்க படிக்க வந்து இறங்கினவதான், இப்போ வெப்சைட் கட்டித்தான் சோறு திங்கிறேன், அதனால இந்தத் தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல. ரசத்துல புளிப்பு தூக்கலா இருக்குன்னு எழுதின உட்லண்ட்ஸ் அத்தை அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி: அக்கா, நாங்க மூணு பேர், யூனிவர்சிட்டில மூணாவது வருஷம், ரெண்டு பேர் தமிழ்நாடு, ஒருத்தி யாழ்ப்பாணம். புதுசா வர்ற இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸ் இங்க செட்டில் ஆக உதவியா ஒரு வெப்சைட் செஞ்சோம். லாகின், சாட்பாட், மேப், டார்க் மோட் எல்லாம் இருக்கு, ரெண்டு லீவு அதுக்கே போச்சு. போன வருஷம் ஓப்பன் பண்ணோம், முதல் வாரம் எங்க ஃபிரெண்ட்ஸ் வந்து பார்த்தாங்க, அவ்வளவுதான். எல்லாரும் மறுபடி வாட்ஸ்அப் குரூப்லயே கேக்குறாங்க. எங்க தப்பு பண்ணோம்? (கிளமெண்டி மூவர்)

தம்பிங்களா, தங்கச்சி, உங்க சைட்டைத் தொறந்து பார்த்தேன். முதல் பக்கத்துல மரினா பே போட்டோ பெருசா, அதுமேல 'வெல்கம்', கீழ 'சைன் அப்'. அது லோட் ஆகுறதுக்குள்ள நான் காப்பியே குடிச்சு முடிச்சுட்டேன். இப்போ யோசிங்க, விடியக்காலைல திருச்சி பிளைட்ல வந்து சாங்கில இறங்கின புள்ள, இன்னும் சிம் வாங்கல, ஏர்போர்ட் வைஃபைதான், கண்ணு நிறைய தூக்கம், கையில ரெண்டு பொட்டி, அது உங்க சைட்ல அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி பாஸ்வேர்ட் யோசிச்சு ஈமெயில் வெரிஃபை பண்ணி அதுக்கப்புறம் ஹாஸ்டலுக்கு எப்படிப் போறதுன்னு பார்க்குமா, இல்ல குரூப்ல 'அண்ணா யாராவது முழிச்சிருக்கீங்களா'ன்னு ஒரு வரி போடுமா? லாகினைத் தூக்குங்க. படிக்க வர்றவங்களுக்கு எதுக்கு லாகின்?

அடுத்தது, வாட்ஸ்அப் குரூப்பை எதிரி மாதிரி பார்க்காதீங்க, உங்க சைட்டுக்கு வேண்டிய சரக்கு முழுக்க அங்கதான் கெடக்கு. போன ஆகஸ்ட் மாசத்து மெசேஜ் எல்லாத்தையும் மேல வரைக்கும் தள்ளி, புதுசா வந்தவங்க கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி மேஜைல பரப்பிப் பாருங்க. எங்க அக்கா மகன் பேட்ச்சுக்கு நாங்க அப்படிப் பண்ணிப் பார்த்தோம், நான் நெனச்சது விசா கேள்விதான் குவியும்னு, ஆனா திரும்பத் திரும்ப வந்தது என்னன்னா 'பிளக் நுழையல, யாருகிட்டயாவது அடாப்டர் இருக்கா'. நம்ம ஊர்ல உருண்டை பின், இங்க சதுர மூணு பின். 230 வோல்ட்தான் ரெண்டு எடத்துலயும், அதனால சார்ஜர் கெடாது, அடாப்டர் மட்டும் போதும். இந்த ஒரு வரி உங்க சைட்ல எங்கயுமே இல்ல. ஆனா சிங்கப்பூர் வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கு, ராஃபிள்ஸ் வந்து இறங்கின கதையோட. அவரு பிளக் எடுத்துட்டு வரல, நம்ம புள்ளைங்க எடுத்துட்டு வருதுங்க.

இப்போ கொஞ்சம் கோவமா ஒண்ணு சொல்லப்போறேன். ஸ்டூடன்ட் பாஸ் (இங்க தங்கிப் படிக்கிறதுக்கான அனுமதி) பத்தின பக்கத்துல, 'லாவண்டர்ல இருக்குற குடிநுழைவு ஆணையத்துக்குப் போய் கார்டை வாங்கிக்கங்க'ன்னு எழுதியிருக்கீங்க. 2023 பிப்ரவரி 27ல இருந்து கார்டே கிடையாது. டிஜிட்டல் பாஸ்தான், அரசாங்கத்தோட ஃபைல்எஸ்ஜி சைட்ல போய்ப் பார்த்துக்கணும். ஏதோ பழைய சீனியரோட பிடிஎஃப்ல இருந்து அப்படியே காப்பி பண்ணிருக்கீங்க, சரிதானே? இதை நம்பி ஒரு புள்ள கிளாஸை விட்டுட்டு லாவண்டருக்கு பொழப்பு கெட்டுப் போய் நிக்கும். விதிமுறையைப் பூரா உங்க சைட்ல எழுதி வைக்காதீங்க, அது மாறிக்கிட்டே இருக்கும், நீங்க பரிட்சைக்குப் படிச்சிட்டு இருக்கும்போது மாறும். ஒரே வரில இன்னதுன்னு சொல்லி, சரியான அரசாங்கப் பக்கத்துக்கு லிங்க் குடுத்து, 'இதைக் கடைசியா இந்தத் தேதில சரிபார்த்தோம்'னு பக்கத்துலயே போடுங்க.

லிங்க் குடுக்குறது சின்ன வேலைன்னு நெனச்சுக்காதீங்க. சிங்கப்பூருக்குள்ள நுழையுறவங்க நிரப்புற எஸ்ஜி அரைவல் கார்டையே எடுத்துக்கங்க, வந்து சேர்ற நாளையும் சேர்த்து அதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள ஆன்லைன்ல நிரப்பணும், காசு எதுவும் கெடையாது. ஆனா கூகுள்ல தேடினா அசல் மாதிரியே இருக்குற சைட்டுங்க காசு கேக்கும், பயந்த புள்ளைங்க கட்டிடுதுங்க. நீங்க அசல் லிங்க்கை மட்டும் பெருசா போட்டு 'இது ஃப்ரீ'ன்னு எழுதினாலே போதும், உங்க சாட்பாட் செஞ்சதை விட அதிக உபகாரம்.

சாட்பாட்னதும் ஞாபகம் வருது. ஸ்டூடன்ட் பாஸ்ல வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பாக்கலாம்னு அதுகிட்ட கேட்டேன், கொஞ்சமும் தயங்காம 20னு சொல்லுது. அது பிரிட்டன் கணக்கு! இங்க 16 மணி நேரம், அதுவும் மனிதவள அமைச்சோட பட்டியல்ல இருக்குற கல்வி நிலையத்துல முழுநேரமா படிக்கிறவங்களுக்கு மட்டும், செமஸ்டர் லீவுல அந்த எல்லை கிடையாது. தனியார் கல்வி நிலையத்துல படிக்கிற நெறைய பேருக்கு இந்தச் சலுகையே இல்ல. இதைத் தப்பாச் சொன்னா அந்தப் புள்ளையோட பாஸுக்கே ஆபத்து. அந்த சாட்பாட்டை இன்னிக்கு ராத்திரியே எடுத்துடுங்க, எத்தனை நாள் உழைச்சு செஞ்சீங்கன்னு தெரியும், இருந்தாலும்.

அப்போ என்னதான் எழுதுறதுன்னு கேப்பீங்க. அரசாங்கமும் யூனிவர்சிட்டியும் எழுதாததை எழுதுங்க. சாங்கில எம்ஆர்டி ரயில் ஏறி தானா மேரால மாறினா அப்புறம் கிளமெண்டி, பூன் லே வரைக்கும் ஒரே வண்டிதான். என்டியு (நன்யாங் யூனிவர்சிட்டி) பசங்க பூன் லே இன்டர்சேஞ்சுல இறங்கி 179 இல்லன்னா 199ம் நம்பர் பஸ், என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசிய யூனிவர்சிட்டி) பசங்க கிளமெண்டில இறங்கி 96ம் நம்பர் பஸ். ரெண்டு பொட்டியோட அந்த பஸ்ல காலைல எட்டரைக்கு ஏற முடியுமா முடியாதான்னு உங்களுக்குத்தான் தெரியும், மேப்புக்குத் தெரியாது. தலகாணி, பெட்ஷீட் எங்க சல்லிசா கெடைக்கும், ஹாஸ்டல் ரூம்ல ரைஸ் குக்கர் வைக்க விடுவாங்களா, எந்த ஹாஸ்டலுக்குப் பக்கத்துல தோசை கெடைக்கும், முதல் மாசம் கையில எவ்வளவு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தா மூச்சு விடலாம், இதெல்லாம். உணவங்காடில மேஜை மேல டிஷ்யூ பாக்கெட் கெடந்தா அது குப்பை இல்ல, ஆளு எடம் பிடிச்சிருக்காருன்னு அர்த்தம். நான் வந்த மொத வாரம் அதுல மூக்கைத் துடைச்சிட்டேன், அந்த அங்கிள் என்னைப் பார்த்த பார்வை இன்னிக்கும் கண்ணுல நிக்குது. சாப்பிட்டுத் தட்டை அப்படியே விட்டுட்டு எந்திரிக்கக் கூடாது, 2021 செப்டம்பர்ல இருந்து அதுக்கு நடவடிக்கையே எடுக்குறாங்க. டீக்கு இங்க 'தே', வெறும் 'தே'ன்னு கேட்டா கெட்டிப்பால் ஊத்தி இனிப்பாத் தருவாங்க, 'தே சி'ன்னா வேற பால், 'கோசோங்'னு சேத்துக்கிட்டா சீனி இல்லாம. சுத்த சைவம் சாப்பிடுற புள்ளைங்களுக்கு, சீனச் சைவக் கடைல முட்டை இருக்கலாம் கேட்டுக்கன்னு ஒரு வரி. இதை எழுதுறதுக்கு உங்க மூணு பேரை விட்டா வேற ஆளு இல்ல.

பக்கம் கம்மியா இருக்கட்டும். வந்து இறங்கி முதல் ரெண்டு வாரத்துக்கு வேண்டியது மட்டும், ஒரே நீளப் பக்கமாக் கூட இருக்கலாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குற மாதிரி. டேட்டாபேஸ் எதுவும் வேண்டாம், சும்மா ஸ்டேடிக் பக்கமா கிட்ஹப் பேஜஸ்ல போட்டா ஹோஸ்டிங்குக்குக் காசும் ஆகாது. டார்க் மோட் மட்டும் இருக்கட்டும், அது நல்லாத்தான் இருக்கு.

கேள்வி: எங்க சைட்ல ரூம் தேடுறவங்க, ரூம் குடுக்குறவங்க ரெண்டு பேருக்கும் ஒரு லிஸ்ட் போடப்போறோம். ஏமாத்துறவங்க உள்ள வராம இருக்க எல்லாரோட பாஸ்போர்ட் நம்பர், ஃபின் நம்பர் (வெளிநாட்டுக்காரங்களுக்கு இங்க குடுக்குற அடையாள எண்), போட்டோ வாங்கி வச்சுக்கலாம்னு பிளான். கூகுள் ஃபார்ம் ரெடி. சரியா அக்கா? (பாலிடெக்னிக் மாணவர், ஜூரோங் வெஸ்ட்)

அந்த ஃபார்மை மூடு தம்பி, மொதல்ல மூடு, மிச்சத்தை அப்புறம் படி.

அடையாள அட்டை, ஃபின், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் சட்டம் கேட்டாலோ, ஆளை உறுதியா அடையாளம் காணவேண்டிய கட்டாயம் இருந்தாலோ ஒழிய நிறுவனங்க வாங்கி வைக்கக் கூடாதுன்னு தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2019 செப்டம்பர் 1ல இருந்தே கண்டிப்பா சொல்லிருக்கு. பெரிய கம்பெனிங்களே தடுமாறுற எடம் இது, நீ கூகுள் ஷீட்ல போட்டு மூணு பேருக்கு எடிட் குடுத்து வைக்கப்போற. ஒருத்தன் லேப்டாப்பைத் தொலைச்சா? இன்னொண்ணு, ஏமாத்துறவன் குடுக்குற பாஸ்போர்ட் நெசமா இருக்கும்னு யாரு சொன்னது? அவன்கிட்ட ஏற்கெனவே ஏமாந்த நாலு பேரோட பாஸ்போர்ட் போட்டோ இருக்கும், அதுல ஒண்ணை அனுப்புவான். நீ அவனுக்கு 'சரிபார்த்தாச்சு'ன்னு பச்சை டிக் வேற போட்டுக் குடுப்ப.

ரூம் லிஸ்ட்டே வேண்டாம்ங்கிறது என் கட்சி. அதுக்குப் பதிலா ரூம் பார்க்கப்போறவன் தெரிஞ்சுக்க வேண்டியதை எழுது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசாங்க அமைப்பு) வீடுன்னா குறைஞ்சது ஆறு மாசம், தனியார் வீடுன்னா மூணு மாசம், அதுக்குக் கீழ வாடகைக்கு விடவே கூடாது. வீவக வீட்டுல ரூம் விட ஓனர் கழகத்துகிட்ட அனுமதி வாங்கிருக்கணும், ஸ்டூடன்ட்டோட பாஸும் குறைஞ்சது ஆறு மாசம் செல்லுபடியா இருக்கணும். ஏஜென்ட்னு ஒருத்தர் வந்தா சொத்து முகவர் மன்றத்தோட பொதுப் பதிவேட்டுல அவர் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம், போட்டோவும் வரும். வீவக வீட்டு வாடகைப் பணத்தை ஏஜென்ட் கையால வாங்கவே கூடாது, 'எனக்கு பேநவ்ல பணம் அனுப்பிடுங்க நான் ஓனருக்குக் குடுத்துடுறேன்'னு சொன்னா அந்த எடத்துலயே எந்திரிச்சு வந்துடணும். வீட்டைப் பார்க்காம டெபாசிட் கட்டுறது... அதைப் பத்தி நான் பேசக்கூடாது, ஏன்னா நானே கட்டினவ. செம்பவாங்ல ஒரு ரூம், ரெண்டு மாச வாடகை டெபாசிட், காசு வாங்கின அண்ணாச்சி ஓனரே இல்ல, அவரே அங்க வாடகைக்கு இருந்தவரு, ஓனருக்கு நான் ஒருத்தி வரப்போறதே தெரியாது. நல்லாத் தமிழ் பேசுவாரு, ஊர்க்காரப் புள்ளன்னு டீ வேற வாங்கிக் குடுத்தாரு.

ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டணும்ங்கிறது புதுசா வர்றவங்க பல பேருக்குத் தெரியாது. மொத்த வாடகைல 0.4 விழுக்காடு. மாசம் 900 வெள்ளின்னு ஒரு வருஷத்துக்கு எடுத்தா மொத்தம் 10,800, தீர்வை 43 வெள்ளி. அது கட்டாத ஒப்பந்தத்தை நாளைக்குத் தகராறுன்னு கோர்ட்டுக்குப் போனா ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல போகாத வீட்டு வாடகை ஒப்பந்தம்னா சிறு உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும், வக்கீல் கிடையாது. எனக்கு அப்போ இதெல்லாம் சொல்ல ஆளில்ல.

கேள்வி: எங்க வீவக வீட்ல ஒரு ரூம் காலியா இருக்கு. எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்ல வர்ற பொண்ணு ஒண்ணு நாலு மாசத்துக்கு மட்டும் கேக்குது. நல்ல பொண்ணா தெரியுது, குடுக்கலாமா? (ஓர் அம்மா, ஈசூன்)

முடியாதும்மா. மேல சொன்ன ஆறு மாசக் கணக்குதான், பொண்ணு எவ்வளவு நல்லதா இருந்தாலும். 'ஆறு மாசம்னு எழுதிட்டு நாலு மாசத்துல போகட்டும்'னு யாராவது யோசனை சொல்வாங்க, அதுக்கும் தலையாட்டாதீங்க, வீட்டுக்கே வம்பாப் போயிடும். ஹாஸ்டல் கெடைக்குதான்னு அந்தப் பொண்ணை அதோட யூனிவர்சிட்டி ஆபீஸ்ல கேக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க, அதுக்கு யாரோட அனுமதியும் வேண்டாம்.

கேள்வி: இங்க படிக்க வர்ற எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும். தமிழ்ல ஒரு பக்கம் போட்டே ஆகணும்னு எங்க டீம்ல ஒருத்தன் அடம் பிடிக்கிறான். வேஸ்ட்தானே? (பெயர் வேண்டாம், புக்கிட் பாத்தோக்)

அடம் பிடிக்கிறவன் சொல்றதுதான் சரி. படிக்க வர்ற புள்ளைக்கு இங்கிலீஷ் தெரியும், அதோட அம்மாவுக்கு? ராத்திரி பத்து மணிக்கு மன்னார்குடில ஒரு அம்மா போனை வச்சுக்கிட்டு 'புள்ள போன் எடுக்கலையே'ன்னு உக்காந்திருப்பாங்க, இங்க மணி அப்போ பன்னெண்டரை, அவன் தூங்கிட்டான், அவ்வளவுதான் விஷயம். ரெண்டரை மணி நேர வித்தியாசம்ங்கிறதை மொத வரியா போடுங்க. அவசரத்துக்கு போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 995. பொட்டில சூயிங்கம் வைக்காதீங்க, வேப் சிகரெட் இங்க வச்சிருந்தாலே குற்றம், யாரும் குடுத்து அனுப்புனாலும் வாங்காதீங்க. தனியார் கல்வி நிலையத்துல சேர்க்கப்போறவங்களுக்கு, வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கணும்னா அந்த எடத்துக்கு எடுடிரஸ்ட்ங்கிற தரச் சான்று இருக்கணும், ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி ஸ்கில்ஸ்ஃபியூச்சர்ங்கிற அரசாங்க அமைப்போட பட்டியல்ல பாருங்கன்னு எழுதுங்க. ஃபீஸ் கட்டுறது புள்ள இல்ல, அப்பா.

ஆனா மெஷின் டிரான்ஸ்லேஷன்ல போட்டுட்டு கையைக் கழுவாதீங்க. ஹால்ல, அதாவது ஹாஸ்டல்ல, தங்கறான்னு இருக்குறதை 'மண்டபத்தில் தங்குவார்'னு போடும், அம்மா கல்யாண மண்டபத்தை நெனச்சுக்குவாங்க. 'மெட்ரிகுலேஷன் முடிக்க வேண்டும்'னு ஒரு சைட்ல பார்த்தேன், இங்க அது யூனிவர்சிட்டில பேரு பதியுறது, ஊர்ல அது பள்ளிக்கூடம்! பையன் பன்னெண்டாவது முடிச்சு 95 பர்சன்ட் வாங்கிட்டு மறுபடி மெட்ரிகுலேஷனான்னு ஒரு அப்பா நெசமாவே போன் போட்டுக் கேட்டாரு. அதே மாதிரி இங்க நாம சொல்ற வெள்ளி, புளோக், வீவக, தேக்கா எதுவும் ஊர்ல இருந்து வர்றவங்களுக்குப் புரியாது, ஒரு தடவை விளக்கிடுங்க. தமிழை இமேஜா போடாதீங்க, யூனிகோட்ல எழுத்தாவே போடுங்க, அப்போதான் தேடினா கெடைக்கும். விலை கம்மியான போன்ல ஒரு தடவை தொறந்து பாருங்க, கொம்பும் புள்ளியும் ஒழுங்கா வருதான்னு.

தமிழ்ல போடுறது வேஸ்ட்னு சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டு கேக்குறீங்களே, அதுதான் எனக்கு ஆத்தாமை. இந்த ஊர்லதான் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995லயே தமிழை இணையத்துல ஏத்தினாரு. அந்த வருஷம் அக்டோபர்ல அதிபர் ஓங் டெங் சியோங் தொறந்து வச்ச சிங்கப்பூர்க் கவிதை வெப்சைட்ல நாலு மொழியும் இருந்துச்சு, தமிழும்தான். யூனிகோட்ல எழுதுறது ஆளாளுக்கு வராத காலம், எழுத்துரு கெடைக்கவே தவம் கெடக்கணும். 1997ல இணையத்துல தமிழைப் பத்திப் பேசின தமிழ்நெட் மாநாடு நடந்ததும் இங்கதான். உங்களுக்கு போன்லயே கீபோர்டு இருக்கு.

கேள்வி: அடுத்த மே மாசம் எங்க படிப்பு முடியுது. நாங்க போனதுக்கப்புறம் இந்த சைட்டை யாரு பாத்துக்குவா? ஜூனியர்ஸ் யாருக்கும் இன்ட்ரஸ்ட் இல்ல. (நன்யாங் பக்கத்துல இருந்து ஒருத்தி)

இதைத்தான் தங்கச்சி மொத நாளே கேட்டிருக்கணும், பரவால்ல இப்பயாவது கேட்டியே. நாங்க படிச்சப்போ இப்படி ஒரு மாணவர் சங்க சைட் கட்டினோம், டொமைன் ஒருத்தன் பேர்ல, அவன் கிரெடிட் கார்டுல. அவன் வேலைக்குப் போயிட்டான், கார்டு காலாவதி, ரினியூ ஈமெயில் அவனோட பழைய காலேஜ் ஐடிக்குப் போய் அங்கயே செத்துப்போச்சு. ஆறு மாசம் கழிச்சு அந்த அட்ரஸைத் தட்டினா சூதாட்ட விளம்பரம். அதுல மானக்கேடு என்னன்னா யூனிவர்சிட்டி பக்கம் ஒண்ணுல எங்க லிங்க் அப்படியே இருந்துச்சு, புதுசா வந்த பசங்க அதைத் தட்டித்தான் போனாங்க.

அதனால டொமைன், கிட்ஹப், ஈமெயில் எதுவும் ஒரு ஆள் பேர்ல இருக்கக் கூடாது, சங்கத்துப் பேர்ல ஒரு பொது ஈமெயில், ரெண்டு பேருக்குச் சாவி. டாட் எஸ்ஜி டொமைன் எடுத்திருந்தா நிர்வாகத் தொடர்பா இருக்குறவர் சிங்பாஸ் (அரசாங்க டிஜிட்டல் அடையாளம்) போட்டு உறுதிப்படுத்தணும், நீ ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அதை மாத்திக் குடுத்துட்டுப் போ. ஜூனியர்ஸுக்கு இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்ற, இருபது பக்கத்தைக் காட்டி இனிமே நீதான்னு சொன்னா எவளுக்கு இன்ட்ரஸ்ட் வரும்? போன ஆகஸ்ட்ல வந்தவங்ககிட்ட 'நீ வந்தப்போ எது தெரியாம முழிச்ச, அதை மட்டும் எழுதிக் குடு'ன்னு கேளு. ஒருத்தர் ஒரு பத்தி. முழிச்சது ஞாபகம் இருக்குறப்பவே வாங்கிடணும், ரெண்டாவது வருஷம் போனா எல்லாமே எளிசுன்னு தோணிடும், அப்புறம் எழுதத் தெரியாது. எழுத ஆள் கெடைக்காத பக்கத்தை அழிச்சிடு. யூனிவர்சிட்டியோட வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்ல ஒரு தடவை போய்ப் பேசு, அவங்க அட்மிஷன் ஈமெயில்ல உங்க லிங்க்கைச் சேர்த்தாங்கன்னா ஆள் வர்ற பிரச்சனையும் முடிஞ்சது, ஆனா அனுமதி இல்லாம லோகோவை மட்டும் தொட்டுடாத.

கேள்வி: சைட்ல விளம்பரம் போட்டுக் கொஞ்சம் காசு பார்க்கலாமா? (கேட்டவர் பேரும் ஊரும் போடல)

நீங்க ஸ்டூடன்ட் பாஸ்ல இருந்தா எதுவும் வாங்குறதுக்கு முன்னாடி மனிதவள அமைச்சு விதியைப் படிங்க, 16 மணி நேரம்ங்கிறது ஒரு முதலாளிகிட்ட வேலை பாக்குறதுக்குச் சொன்னது, தொழில் நடத்த இல்ல. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்டூடன்ட்ஸ் கூடுற சைட்டுக்கு முதல்ல விளம்பரம்னு வர்றவன் யாரு தெரியுமா, 'பேங்க் அக்கவுண்டை ஒரு வாரம் குடுங்க, முன்னூறு வெள்ளி'ன்னு கேக்குறவன். அக்கவுண்டையோ சிங்பாஸையோ அடுத்தவனுக்குக் குடுத்தா இங்க ஜெயில் வரைக்கும் போகும், தெரியாமக் குடுத்தேன்னு சொன்னா விடமாட்டாங்க. அந்த மாதிரி ஈமெயில் வந்தா பதில் போடாதீங்க, சந்தேகம்னா 1799க்குப் போன் போடுங்க, ஸ்கேம்ஷீல்டு உதவி எண். அதையும் சைட்ல 995க்குப் பக்கத்துலயே பெரிய எழுத்துல போட்டுடுங்க.